எடைமேடை கேபினில் பழைய போர்ட்டுகள்: காங்கேயம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

காங்கேயத்திலிருந்து சென்னிமலை போகும் வழியில் ஓர் அரிசி ஆலை. வாசலில் 60 டன் எடைமேடை. நெல் லோடு உள்ளே வந்தாலும், தவிடும் உமியும் வெளியே போனாலும், வண்டி இதில் ஏறி இறங்கி மூன்று படிச் சீட்டு வாங்கித்தான் கேட்டைத் தாண்ட முடியும். கேபினில் இருந்தவை: எடையைக் காட்டும், அரசு முத்திரையிட்ட டிஜிட்டல் இண்டிகேட்டர், பென்டியம் 4 காலத்துக் கம்ப்யூட்டர், வரிக்கு 80 எழுத்து அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், பிரிண்டர் கேபிளுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு ஹார்டுவேர் லாக் (அது மாட்டியிருந்தால்தான் எடைச் சீட்டு சாஃப்ட்வேர் ஓடும்). எடைச் சீட்டு சாஃப்ட்வேர் விண்டோஸ் 98 நாளில் போட்டது. அதை எழுதிக் கொடுத்தவர்கள் தொழிலை விட்டே போய்விட்டார்கள்.

மதர்போர்டில் சிபியுவைச் சுற்றியிருந்த கெப்பாசிட்டர்கள் உப்பி, கம்ப்யூட்டர் கிளம்பாமல் நின்றது. அதற்குப் பதிலாகப் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது: 64 பிட் விண்டோஸ் 10, பின்பக்கம் யுஎஸ்பி, எச்டிஎம்ஐ, லேன், ஆடியோ மட்டும். "கன்வெர்ட்டர் போட்டா எல்லாம் ஓடிரும்" என்ற நம்பிக்கையில் யுஎஸ்பி–சீரியல் கேபிள் ஒன்று, யுஎஸ்பி–பேரலல் கேபிள் ஒன்று, எச்டிஎம்ஐ–விஜிஏ ஒன்று வாங்கப்பட்டன. வேலை செய்தது விஜிஏ மட்டும். மற்ற இரண்டும் ஏன் தோற்றன, கடைசியில் எது ஓடியது என்பதே இந்த ஆய்வு.

பழைய போர்ட்டில் கேபிள் முனை பொருந்துகிறதா என்பது முதல் கேள்வியே அல்ல. அந்த ஓட்டையில் எத்தனை வோல்ட், எந்தப் பின்னில் யார் பேசுகிறார், சாஃப்ட்வேர் அதை எந்த முகவரியில் தேடுகிறது என்ற மூன்றையும் பார்த்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும்.

லாக்கும் எல்பிடியும்

கம்ப்யூட்டரின் பின்னால் இருக்கும் 25 ஓட்டை பெண் கனெக்டர்தான் பேரலல் போர்ட், அதாவது எல்பிடி. 1981-ல் ஐபிஎம் பிசியோடு வந்த ஏற்பாடு. பிரிண்டர் முனையில் இருக்கும் 36 பின் அகலக் கனெக்டர் அதற்கும் மூத்தது. 1970-களில் சென்ட்ரானிக்ஸ் கம்பெனி பிரிண்டர்களோடு பரவியது. 25 பின்னில் 1 ஸ்ட்ரோப், 2 முதல் 9 வரை தகவல், 10 அக்னாலெட்ஜ், 11 பிஸி, 12 பேப்பர் இல்லை, 18 முதல் 25 வரை கிரவுண்ட். எல்லாம் 5 வோல்ட் நிலை. சாஃப்ட்வேர் இதை 378 ஹெக்ஸ் என்ற முகவரியில் நேரடியாகத் தொட்டுப் பழகியது.

யுஎஸ்பி–பேரலல் கேபிள் இந்த முகவரியில் உட்காராது. கம்ப்யூட்டருக்கு அது ஒரு யுஎஸ்பி பிரிண்டர், அவ்வளவுதான். 'ஜெனரிக் டெக்ஸ்ட்' டிரைவர் போட்டு நோட்பேடிலிருந்து அச்சடித்தால் டாட் மேட்ரிக்ஸ் கடகடவென்று அடிக்கும். கடைக்காரர் சோதித்துக் காட்டியதும் அதைத்தான். எல்பிடி1 என்ற பெயருக்கு மட்டும் எழுதும் சாஃப்ட்வேர் என்றால் பிரிண்டரை ஷேர் செய்து, நெட் யூஸ் கட்டளையால் அந்தப் பெயரை அங்கே திருப்பிவிட்டுச் சமாளிக்கலாம். ஆனால் லாக் வேறு சமாச்சாரம். அதன் டிரைவர் போர்ட்டின் பின்களை நேரடியாக மைக்ரோ செகண்ட் கணக்கில் ஏற்றி இறக்கி, லாக் தரும் பதிலைப் படிக்கும். யுஎஸ்பி கேபிளின் 36 பின் முனையில் லாக்கை மாட்டவே இடமில்லை. 25 பின் முனையுள்ள கன்வெர்ட்டர் கிடைத்தாலும் லாக் பதில் சொல்லாது. போதாக்குறைக்கு லாக்கின் டிரைவர் 32 பிட். 64 பிட் விண்டோஸில் அது ஏறவே ஏறாது.

அடுத்ததாக பிசிஐ எக்ஸ்பிரஸ் பேரலல் கார்டு பார்க்கப்பட்டது. 32 பிட் விண்டோஸ் போட்ட வேறொரு கம்ப்யூட்டரில் கார்டைச் செருகியதும் டிவைஸ் மேனேஜரில் எல்பிடி என்று வந்தது. பிராப்பர்டீஸில் 'ரிசோர்சஸ்' பக்கத்தைத் திறந்தால் முகவரி 378 இல்லை. இவ்வகைக் கார்டுகளுக்கு பயாஸ் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது முதலில் ஓடும் புரோகிராம்) எங்கோ மேலே ஓர் எண்ணை ஒதுக்கும். புதுக் காலத்து லாக் டிரைவர் என்றால் அந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். இந்த லாக் 378, 278, 3பிசி என்ற மூன்று பழைய முகவரிகளைத் தட்டிப் பார்த்துவிட்டு 'லாக் நாட் ஃபவுண்ட்' என்று நின்றது. கார்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, வாங்குமுன் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

விடை பழைய சாமான் கடையில் கிடைத்தது. 2011 வாக்கில் வந்த எச்61 சிப்செட் மதர்போர்டுகளில் பலவற்றுக்குப் பின்பக்கம் எல்பிடி ஓட்டை இல்லாவிட்டாலும், போர்டின் மேல் 26 பின் எல்பிடி ஹெடரும் 10 பின் காம், அதாவது சீரியல் ஹெடரும் இருக்கும். ஹெடர் என்பது இரண்டு வரிசை முட்கள். ஒரு மூலையில் ஒரு முள் எடுபட்டிருக்கும். இவை பழைய போர்ட்டுகளைக் கவனிக்கும் சூப்பர் ஐஓ சிப்பிலிருந்து நேராக வருபவை என்பதால் முகவரி எல்பிடிக்கு அசல் 378, காமுக்கு அசல் 3எஃப்8. ஹெடரிலிருந்து பின்பக்கத் தகட்டுக்குப் பட்டைக் கேபிளோடு பிராக்கெட் ஒன்று போட்டால் பழைய போர்ட் திரும்ப வந்துவிடும். அப்படி ஒரு போர்டு, 32 பிட் எக்ஸ்பி. இன்ஸ்டால் செய்யுமுன் பயாஸில் டிஸ்க் இணைப்பான சாட்டாவை ஏஎச்சிஐ-யிலிருந்து பழைய ஐடிஇ மோடுக்கு மாற்றியாக வேண்டும். மறந்தால் நீலத்திரையில் 7பி பிழை வரும். எக்ஸ்பிக்கு இப்போது பாதுகாப்பு அப்டேட் கிடையாது. ஆகவே இந்தக் கம்ப்யூட்டருக்கு லேன் கேபிளே மாட்டவில்லை, பென் டிரைவும் ஒன்றே ஒன்றுதான் அனுமதி.

பயாஸில் பேரலல் போர்ட் மோடு முதலில் இசிபி (பின்னால் வந்த வேக மோடு) என்றிருந்தது. லாக் ஒரு தடவை தெரியும், மறுதடவை தெரியாது. எஸ்பிபி (பழைய சாதா மோடு) என்று மாற்றி, முகவரி 378, ஐஆர்க்யூ 7 என்று நிறுத்திய பிறகு ஒழுங்காகப் பேசியது. இன்னொரு விஷயம் பலருக்கும் தலைவலி கொடுப்பது: லாக்குக்குத் தனி மின்சாரம் இல்லை, சிக்னல் கம்பிகளிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். அதன் பின்னால் மாட்டிய பிரிண்டர் ஆஃப் ஆகியிருந்தால், செத்துக் கிடக்கும் பிரிண்டர் அந்தக் கொஞ்ச மின்சாரத்தையும் கீழே இழுத்துவிடும்; லாக் காணாமல் போகும். ஆகவே முதலில் பிரிண்டர் ஆன், பிறகு சாஃப்ட்வேர். சந்தேகம் வந்தால் பிரிண்டர் கேபிளைக் கழற்றிவிட்டு லாக்கை மட்டும் வைத்துச் சோதிக்க வேண்டும்.

காம் பிராக்கெட்

எல்பிடி பிராக்கெட் போட்டவுடன் ஓடியது. காம் ஓடவில்லை. பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய 9 பின் பிராக்கெட்டைத்தான் ஹெடரில் செருகியிருந்தார்கள். முள் எண்ணிக்கை சரி, எடுபட்ட முள்ளின் இடமும் சரி, ஆனால் உள்ளே கம்பி வரிசை வேறு.

இந்தப் பிராக்கெட்டில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் ஹெடரின் 1, 2, 3 என்பது அப்படியே 9 பின்னின் 1, 2, 3-க்குப் போகும். இன்டெல் அல்லது டிடிகே வகை என்பார்கள். மற்றதில் பட்டை நேராக ஓடுவதால் ஹெடர் 1 போவது பின் 1-க்கு, 2 போவது 6-க்கு, 3 போவது 2-க்கு, 4 போவது 7-க்கு, 5 போவது 3-க்கு. இது ஏடி அல்லது எவரெக்ஸ் வகை. இன்று கையில் கிடைக்கும் போர்டுகளில் பெரும்பாலானவை முதல் வகையையே கேட்கும். தப்பானதைப் போட்டால் போர்டின் கிரவுண்ட், 9 பின்னில் 3-ம் எண்ணில் வந்து நிற்கும். அனுப்பும் கம்பி 2-ல் வரும். எதுவும் எரியாது, எதுவும் வராது.

கண்டுபிடிக்க ஒரே ஒரு மீட்டர் சோதனை போதும். மீட்டரை பஸ்ஸரில் வைத்து ஒரு முனையை 9 பின்னின் 5-ல் தொட்டு, மறுமுனையை ஹெடர் பிளக்கில் நகர்த்திக்கொண்டே போங்கள். 5-ல் கத்தினால் முதல் வகை, 9-ல் கத்தினால் இரண்டாவது. கடையில் நின்றபடியே செய்துவிடலாம்.

சரியான பிராக்கெட் போட்டபின் லூப்பேக்: 9 பின்னின் 2-ஐயும் 3-ஐயும் ஒரு சின்னக் கம்பியால் சேர்த்து, ஹைப்பர் டெர்மினலில் ஃப்ளோ கன்ட்ரோல் 'நன்' வைத்துத் தட்டச்சு செய்தால் அடித்த எழுத்து திரும்பித் திரையில் வர வேண்டும். கம்பியை எடுத்தால் நிற்க வேண்டும். இது தேறினால் கம்ப்யூட்டர் பக்கம் முடிந்தது, இனி கேபிளையும் இண்டிகேட்டரையும் பார்க்கலாம்.

முதலில் வாங்கிய யுஎஸ்பி–சீரியல் கேபிள் ஏன் தோற்றது என்பதையும் சொல்லிவிடலாம். உள்ளே பிஎல்2303-ன் பழைய வகைச் சிப், அல்லது அதன் போலி. விண்டோஸ் 8 முதல் வந்த டிரைவர் இவற்றை ஏற்காமல் மஞ்சள் முக்கோணமும் 'கோட் 10'-ம் காட்டும். டிரைவர் பிடித்திருந்தாலும் போர்ட் எண் காம்9 என்று விழுந்திருந்தது. சாஃப்ட்வேரின் பட்டியலில் காம்1 முதல் காம்4 வரைதான். அதை போர்ட் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு போய் மாற்றலாம். லாக் பிரச்சினை இல்லாத இடங்களில் நல்ல சிப் உள்ள யுஎஸ்பி–சீரியல் கேபிள் தாராளமாகப் போதும். அதை இங்கே ஒதுக்கியதற்கு லாக்தான் காரணம்.

கேபிள்: தூக்கிப் போட இருந்தது

பழைய சீரியல் கேபிள் பார்க்க அழுக்காக இருந்ததால் குப்பைக்குப் போக இருந்தது. புதுசாக வாங்கிய ரெடிமேட் கேபிளில் எடை வரவில்லை. பழையதின் கனெக்டர் மூடியைத் திறந்தபோது விஷயம் விளங்கியது. கம்பி இரண்டே இரண்டு:

இண்டிகேட்டர் 3 – கம்ப்யூட்டர் 2
இண்டிகேட்டர் 5 – கம்ப்யூட்டர் 5

கூடவே கம்ப்யூட்டர் முனையில் மட்டும் 7-ஐயும் 8-ஐயும் சேர்த்து ஒரு ஜம்பர், 1, 4, 6 மூன்றையும் சேர்த்து இன்னொரு ஜம்பர். ரெடிமேட் கேபிள் நேர் கேபிள்: 3-க்கு 3, 2-க்கு 2. இரண்டு பக்கமும் ஒரே கம்பியில் பேசிக்கொண்டிருந்தன, கேட்க ஆளில்லை. சீரியல் போர்ட்டுக்கான ஆர்எஸ்232 தரத்தில் அனுப்பும் சிப் ஷார்ட் தாங்கும்படி இருக்க வேண்டும் என்பதால் சிப் பிழைத்தது. குறுக்குக் கேபிள் போட்டிருந்தாலும் ஜம்பர் இல்லாமல் இந்த சாஃப்ட்வேர் படித்திருக்காது. எதிர்ப்பக்கம் தயார் என்ற சிக்னல் 6-லும் 8-லும் வரும்வரை அது காத்திருக்கும். இண்டிகேட்டரோ அந்தச் சிக்னலைக் கொடுப்பதேயில்லை. கம்ப்யூட்டரின் சிக்னலையே கம்ப்யூட்டருக்குத் திருப்பிக் காட்டி ஏமாற்றுவதுதான் ஜம்பரின் வேலை.

பழைய கேபிள் இல்லாவிட்டால் என்ன செய்வது? டிசி 20 வோல்ட் ரேஞ்சில் கறுப்பு முனையைப் பின் 5-ல் வைத்து, சிவப்பால் 2-ஐயும் 3-ஐயும் தொட்டுப் பாருங்கள். எதில் மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வரை தெரிகிறதோ, அந்தப் பக்கம் பேசும் பின் அதுதான். இண்டிகேட்டர் விடாமல் எடை அனுப்பிக்கொண்டிருந்தால் எண் நிலையாக நிற்காமல் ஆடும். சும்மா இருக்கும்போது பிளஸ் 5 அல்லது பிளஸ் 3.3 காட்டினால் அது ஆர்எஸ்232-ஏ அல்ல, நேரடி லாஜிக் நிலை. கம்ப்யூட்டரின் சீரியலில் அப்படியே மாட்டக் கூடாது.

25 பின் கனெக்டர்களில் இந்த மீட்டர் பழக்கம் இன்னும் முக்கியம். இண்டிகேட்டருக்குப் பின்னாலும் பிரிண்டருக்கென்று ஒரு 25 ஓட்டை கனெக்டர் இருந்தது. அதைக் கம்ப்யூட்டரின் எல்பிடியோடு இணைத்தால் இரண்டு வெளியீடுகள் ஒன்றோடொன்று மோதும். கோயமுத்தூர் பட்டறைகளில் பல ஃபானக் சிஎன்சி மெஷின்களின் 25 பின் ஆர்எஸ்232 கனெக்டரில் 25-ம் பின் பிளஸ் 24 வோல்ட். எல்லாக் கம்பியும் ஓடும் 25–25 கேபிளை எடுத்துக் கம்ப்யூட்டரின் எல்பிடியில் செருகினால், அங்கே 25-ம் பின் கிரவுண்ட். சிக்னல் பின்களிலும் 5 வோல்ட் சிப்புக்குள் பிளஸ் மைனஸ் 12 போகும். கேபிளைத் தயார் செய்யும்போது வேண்டிய மூன்று நான்கு கம்பிகளை மட்டும் சால்டர் வைத்துவிட்டு மற்றதைக் காலியாக விடுவதுதான் நல்லது.

காலி மேடையில் சரி, லோடு ஏறினால் தப்பு

கேபிளும் சரியானது, திரையில் 000000 வந்தது. எல்லாரும் கிளம்பிய பின் கேபினிலிருந்து புகார்: "காலியா இருக்கறப்ப சரியாத்தானுங்க காட்டுது, லோடு ஏறுனாத்தானுங்க கிறுக்குப் புடிக்குது."

இண்டிகேட்டரில் 24380. சாஃப்ட்வேரில் 0. ஹைப்பர் டெர்மினலைத் திறந்து பார்த்தால் வந்துகொண்டிருந்தது இது:

0²´3¸0

இதைப் பார்த்தவுடன் லோடு செல்லையோ (மேடைக்கு அடியில் எடையை உணரும் கருவி) கேபிளையோ சந்தேகப்படத் தேவையில்லை. வேகம் தப்பாக இருந்தால் எல்லா எழுத்தும் குப்பையாகும். இங்கே சில இலக்கங்கள் மட்டும் உடைந்திருக்கின்றன. அதுவும் எப்போதும் அதே இலக்கங்கள். இண்டிகேட்டர் அனுப்புவது 7 பிட், ஈவன் பேரிட்டி (1-களின் மொத்தம் இரட்டைப்படை ஆகும்படி சேர்க்கும் சோதனை பிட்), 1 ஸ்டாப். கம்ப்யூட்டர் படிப்பது 8 பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப். ஸ்டார்ட் பிட்டோடு சேர்த்து இரண்டுமே 10 பிட் நீளம் என்பதால் ஃப்ரேம் பிழை வராது. பேரிட்டி பிட்டை மட்டும் கம்ப்யூட்டர் எட்டாவது தகவல் பிட் என்று எடுத்துக்கொள்கிறது. தன் 7 பிட் குறியீட்டில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் 1 உள்ள இலக்கங்களுக்குத்தான் பேரிட்டி பிட் 1 ஆகும். அவை 1, 2, 4, 7, 8. திரையில் முறையே ±, ², ´, ·, ¸ என்று தெரியும். 0, 3, 5, 6, 9 ஐந்தும் அப்படியே வரும்.

காலி மேடையில் ஆறு சைபர்; எல்லாம் சரி. 9650 கிலோ காலி லாரி ஏறினாலும் சரி. 36580 ஏறினால் சாஃப்ட்வேர் 365 வரை படித்து 8-ல் நின்றுவிடும். சும்மா சைபரைப் பார்த்து 'கனெக்ஷன் ஓகே' என்று சொல்லிவிட்டுப் போவதால்தான் இந்தக் கோளாறு மறுநாள் முளைக்கிறது. மேடையில் நாலைந்து பேரை ஏற்றி நிறுத்தினாலே 200, 300 கிலோ வரும். ஆள் ஏறி இறங்க எண் மாறிக்கொண்டே போகும்போது ஐந்து பழுது இலக்கங்களில் ஒன்றாவது கண்ணில் படும்.

பழைய செட்டிங் பழைய ஹார்டு டிஸ்கில் இருந்தது. அது 40 பின் ஐடிஇ டிஸ்க். ஜம்பரை மாஸ்டரில் வைத்து, யுஎஸ்பி கன்வெர்ட்டரில் மாட்டி, முதல் வேலையாக முழு இமேஜ் எடுத்தபின் சாஃப்ட்வேரின் ஐஎன்ஐ ஃபைலைத் திறந்தால் 2400, இ, 7, 1 (வேகம், ஈவன் பேரிட்டி, 7 பிட், 1 ஸ்டாப்) என்றிருந்தது. புதிதாக இன்ஸ்டால் செய்தபோது சாஃப்ட்வேர் தன் டிஃபால்ட்டான என், 8-ஐ (பேரிட்டி இல்லை, 8 பிட்) எடுத்துக்கொண்டது. இண்டிகேட்டர் பக்கம் மாற்றிப் பார்க்கும் ஆசை சிலருக்கு வரும். வேண்டாம். அதன் மேல் முத்திரை இருக்கிறது. தமிழ்நாட்டில் அது தொழிலாளர் துறையின் கீழ் வருவது. சீலைத் தொட்டால் மறு முத்திரை வரை மேடையை நிறுத்த வேண்டியிருக்கும். கம்ப்யூட்டர் பக்கம் மாற்றினால் எழுத்தெல்லாம் நேராகிவிடும்.

எர்த், தூசி, ஸ்க்ரூ

பிரிண்டர் மட்டும் இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தது, எர்த் இல்லாமல். எஸ்எம்பிஎஸ் உள்ள கருவி எதுவும் எர்த் இல்லாவிட்டால் உடம்பில் 230-ல் ஏறக்குறைய பாதி வோல்ட்டைத் தூக்கி வைத்திருக்கும். மின்னோட்டம் கொஞ்சம்தான், கையில் சுருக்கென்று தெரியும். ஆனால் கேபிளைச் செருகும் நொடியில் அது சிக்னல் கம்பி வழியே இறங்கினால் போர்ட் சிப் போய்விடும். பிரிண்டரின் கனெக்டர் உறைக்கும் கம்ப்யூட்டர் கேபினெட்டுக்கும் நடுவே ஏசி வோல்ட் அளந்து, ஓரிரு வோல்ட்டுக்கு மேல் தெரிந்தால் எர்த்தைச் சரிசெய்த பிறகே கேபிளைத் தொட வேண்டும். இங்கே இண்டிகேட்டர், கம்ப்யூட்டர், பிரிண்டர் மூன்றும் ஒரே மூன்று பின் போர்டுக்கு மாற்றப்பட்டன. சித்திரை வைகாசி இடி மழைக்கு எடைமேடைகள் அடிக்கடி பலியாவதால், சீரியல் வழியில் ஓர் ஆப்டோ ஐசொலேட்டரும் (சிக்னலை ஒளி வழியே கடத்தி, மின் தொடர்பைத் துண்டித்து வைக்கும் கருவி) சேர்க்கலாம். ஆலைக்காரர்கள் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள்.

பழைய போர்ட்டுகள் எல்லாமே கரண்டை நிறுத்திவிட்டுச் செருக வேண்டியவை. பிஎஸ்2 கீபோர்டும் அப்படித்தான். ஆன் நிலையில் பிடுங்கிச் செருகினால் பெரும்பாலும் ரீஸ்டார்ட் ஆகும்வரை எடுக்காது, சில போர்டுகளில் ஃப்யூஸும் போகும்.

அரிசி ஆலையில் தவிட்டுத் தூசிக்கும் பாய்லர் ஈரத்துக்கும் பஞ்சமில்லை. இரண்டும் சேர்ந்து பின்களின் மேல் பசை மாதிரி படியும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் பல் தேய்க்கும் பிரஷும் போதும். பெட்ரோல், தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக் விரிசல் விடும். கனெக்டரின் இரண்டு பக்க ஸ்க்ரூவை யாரும் முடுக்குவதில்லை. ஒவ்வொரு லாரியும் ஏறி இறங்கும்போது கேபினே அதிரும் இடத்தில் அது அலங்காரம் அல்ல. முடுக்கும்போது கம்ப்யூட்டர் பக்கத்து அறுகோண நட்டை முதலில் ஸ்பேனரால் இறுக்குங்கள். இல்லையென்றால் அடுத்த தடவை ஸ்க்ரூவோடு அதுவும் கழன்று வரும்.

இப்போதுள்ள நிலை

மேடை ஓடுகிறது, சீட்டு அடிக்கிறது. பலவீனமான இடம் லாக்தான். அது உடைந்தால் மாற்று கிடையாது. இரண்டே கம்பியில் வரும் எடையைப் படித்துச் சீட்டு அடிக்கும் புது சாஃப்ட்வேர் எழுதுவது பெரிய வேலை அல்ல என்பதால், அதைச் செய்து கொஞ்ச நாள் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டிவிட்டு, லாக்குக்கு ஓய்வு கொடுப்பதுதான் நிரந்தர வழி. அதுவரைக்கும் அதே மாடல் போர்டு இன்னொன்றும், பிராக்கெட் இரண்டும், எக்ஸ்பி டிஸ்கின் இமேஜும் ஆலை ஆபீஸ் பீரோவில் இருக்கின்றன.

போர்டின் சிஆர்2032 பேட்டரியும் புதிதாகப் போடப்பட்டது. அது இறங்கினால் பயாஸ் தன் டிஃபால்ட்டுக்குப் போகும்: எல்பிடி மறுபடி இசிபி, சாட்டா மறுபடி ஏஎச்சிஐ, தேதியும் பழசு. காலையில் கம்ப்யூட்டர் நீலத்திரையில் நிற்கும். அதைச் சரிசெய்தால் 'லாக் நாட் ஃபவுண்ட்' வரும், பேட்டரியை யாரும் நினைக்க மாட்டார்கள். பயாஸ் எண்கள், காம் செட்டிங், கேபிள் பின் வரிசை மூன்றையும் ஒரே தாளில் எழுதி, லேமினேட் செய்து கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.